கதவைப் பிடித்தவருக்கு முறைப்பு

அக்கா முதலில் குப்பைக்கூடையை இடம் மாற்றினாள். சமையலறை மூலையில் இருந்ததைத் தூக்கி வந்து கூடத்து வாசலில் வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி சோபாவில் உட்கார்ந்துகொண்டாள். அப்பா ஆரஞ்சுத் தோலைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். திரும்பி வந்தார். வாசலில் இருந்த கூடையைத் தாண்டி மறுபடியும் சமையலறைக்குப் போனார். கடைசியில் தோலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு செய்தித்தாளை எடுத்தார்.

"பாத்தியா?" என்று அக்கா என் காதில் சொன்னாள். "அவர் கூடையைத் தேடல. கூடை இருந்த இடத்தைத் தேடறார்."

"ஒரு தடவை நடந்ததை வச்சு அப்படிச் சொல்ல முடியுமா?"

"ஆரம்பிச்சுட்டியா, டவுட்டு."

டவுட்டு என்பது நான்தான். வீட்டில் என்னை வேறு பெயரில் கூப்பிட்டு வெகுகாலம் ஆகிறது. பகலில் நகலெடுக்கும் கடையில் வேலை, மாலையில் கள ஆய்வுப் புள்ளியியல் வகுப்பு. பார்த்ததைத் தினமும் எழுதி வைக்கச் சொன்னது அந்த வகுப்பில்தான். நான் நாட்குறிப்பின் ஓரத்தில் அகலமாகக் கோடு போட்டு, சந்தேகங்களுக்கென்று தனி இடம் விட்டிருக்கிறேன். எப்போதும் அந்த ஓரம்தான் முதலில் நிரம்புகிறது.

அக்கா விளையாட்டு வடிவமைக்கிறவள். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, அட்டையும் காய்களும் வைத்து ஆடுகிற விளையாட்டுகள். எந்த நிறுவனத்திலும் இல்லை, தனியாள். காப்பீட்டு அலுவலக வேலையை விட்டுவிட்டுத்தான் இதில் இறங்கினாள். அந்த மேலாளர் தங்கமானவர், அவளுடைய மேஜையை இந்த மாதக் கடைசி வரை காலியாக வைத்திருப்பதாகச் சொல்லி அனுப்பினார். அந்த நல்ல மனதுதான் தலைவலியாகிவிட்டது. காலியாக ஒரு மேஜை காத்திருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து அப்பாவால் சாப்பிடும்போது வேறு பேச்சுப் பேச முடியவில்லை.

ஒப்பந்தம் இப்படி முடிந்தது. மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, கடைத்தெருவில் இருக்கிற விளையாட்டுக் கடையின் உரிமையாளர் அக்காவுக்கு ஒரு மேஜை கொடுப்பார். முன்பின் தெரியாத ஆட்கள் அவளுடைய விளையாட்டை ஆடிப் பார்ப்பார்கள். அவருக்குத் திருப்தி என்றால் முதல் பதிப்பை அவரே அச்சிட்டு விற்பார். இல்லையென்றால் மறுநாள் திங்கட்கிழமை காலை அக்கா அந்தக் காலி மேஜையில் போய் உட்கார்ந்துவிட வேண்டும்.

"ரெண்டுமே மேஜைதான்" என்றார் அப்பா, பெருந்தன்மையாக.

விளையாட்டு என்றால் ஏதாவது கதை இருக்கும் என்பது அம்மாவின் எண்ணம். "ராஜா, ராணி, பேய், ஒண்ணுமே இல்லாம என்னடி விளையாட்டு?"

"அதெல்லாம் மேல அடிக்கிற பெயின்ட்மா. உள்ள எது எதைத் தள்ளுது, எது எதை இழுக்குதுன்னு முதல்ல பாக்கணும். அது சரியா அமைஞ்சா கதை தானா வரும்."

"இந்த வீட்ல எது தானா வந்திருக்கு?"

அக்கா குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்த காகிதத்தைக் காட்டினாள். அவள் வரைந்த படம்தான். பசியிலிருந்து ஓர் அம்பு கதவு திறப்புக்கு. அங்கிருந்து ஒன்று மின்கட்டணத்துக்கு. மின்கட்டணத்திலிருந்து அப்பாவின் குரலுக்கு. அப்பாவின் குரலிலிருந்து, எல்லோரும் சமையலறைக்குள் போய் ஒளிந்துகொள்வதற்கு. சமையலறையிலிருந்து மறுபடியும் கதவு திறப்புக்கு. இப்படிச் சுற்றிச் சுற்றி வருவதை அவள் லூப் என்பாள். தன்னைத் தானே பெருக்கிக்கொள்கிற லூப், தன்னைத் தானே அடக்கிக்கொள்கிற லூப் என்று இரண்டு வகை. எங்கள் வீட்டில் முதல் வகைதான் அதிகம்.

இந்த முறை அவள் எடுத்துக்கொண்டது எங்கள் கட்டடத்து லிஃப்டை. எட்டு மாடி, ஒரே லிஃப்ட், காலையில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கீழே போக வேண்டும். "இதுக்கு மேல என்னடி வேணும்? பேராசை, பொறுமை, அவசரம், மரியாதை, நாலும் ஒரு பெட்டிக்குள்ள இருக்கு" என்றாள். விதிகளைக் கற்பனையில் எழுதமாட்டாள். நிஜத்தில் என்ன நடக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். பார்க்கிற வேலை எனக்கு வந்தது.

நான் முறையாகத்தான் செய்தேன். எழுதும் அட்டை, கிளிப், கட்டம் போட்ட தாள், நூலில் கட்டிய பேனா. கடைக்குப் போவதற்கு முன் தினமும் காலையில் லிஃப்டின் மூலையில் நின்று மேலும் கீழும் போய் வந்தேன். எந்த மாடியில் நின்றது, யார் ஏறினார்கள், யாருக்கு இடம் இல்லை, யார் யாருக்காகக் கதவைப் பிடித்தார்கள். கடைசிக் கட்டம் முழுக்கக் காலியாகவே இருந்தது. கதவை யாருமே பிடிக்கவில்லை. ஏறியதும் எல்லோருடைய விரலும் நேராகக் கதவு மூடும் பொத்தானுக்குப் போனது. ஏழாம் மாடி வக்கீல் என் அட்டையைப் பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டு, கைப்பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி நின்றார்.

"பராமரிப்புக் கம்பெனியாம்மா?" என்று கேட்டார்.

"இல்லை சார். சும்மா, ஒரு ஆய்வு."

"ஆய்வு" என்று திருப்பிச் சொன்னார். அதற்குப் பிறகு தரை வரும்வரை மூச்சு விட்டாரா என்பதே சந்தேகம்.

அக்கா என் தாள்களைப் பார்த்து மகிழ்ந்துபோனாள். "ஒருத்தன் கூடக் கதவு பிடிக்கல! சுத்தமான சுயநலம். எவ்வளவு எளிமையான அமைப்பு!" அன்று சாயங்காலமே முதல் மாதிரி தயாராகிவிட்டது. எட்டு மாடி வரைந்த அட்டை, லிஃப்டுக்குப் பதிலாக ஓர் அழிரப்பர். ஆளுக்கு ஒரு மாடி, கை நிறையப் பாசிமணி. மணிதான் அவரவர் நேரம். லிஃப்ட் நிற்கிற ஒவ்வொரு முறையும் எல்லோரும் ஒரு மணியைப் பெட்டியில் போட வேண்டும். லிஃப்டில் இடம் குறைவு, பெயரில்லாத அண்டைவீட்டுக் காய்கள் வேறு ஏறும். தரைக்கு வரும்போது யார் கையில் மணி அதிகமோ அவர் ஜெயித்தவர்.

சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு அப்பா, அம்மா, நான் மூவரும் ஆடினோம். அக்கா ஆடமாட்டாள். சோதனை ஆட்டத்தில் வடிவமைத்தவர் வாயைத் திறக்கவே கூடாது என்பது அவள் சட்டம். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பாள்.

அப்பா எட்டாம் மாடியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். லிஃப்ட் அங்கிருந்து காலியாகக் கிளம்பும், அதனால் அவருக்கு இடம் நிச்சயம். கீழ் மாடிகளுக்கு வரும்போது நிரம்பிவிடும், எங்களுக்கு இடம் கிடையாது. அப்பா ஜெயித்தார். மறுபடி ஆடினோம். மறுபடியும் ஜெயித்தார்.

"ரொம்ப நல்ல விளையாட்டு" என்றார். அவர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர், எதையும் லேசில் பாராட்டமாட்டார். "ஒரு எழுத்தைக்கூட மாத்தாதே."

மூன்றாவது ஆட்டத்தில்தான் அம்மா தன் காயை லிஃப்ட் வாசலில் பாதி உள்ளே, பாதி வெளியே வைத்தாள்.

"அம்மா, உள்ள வை."

"இவ கீழ் வீட்டுக்காரி, ஓடி வர்றா பாரு. கதவைப் பிடிச்சுக்கறேன்."

"அது வெறும் காய்ம்மா. ஓடி எல்லாம் வராது" என்றேன்.

"வராம என்ன? லிஃப்ட் வந்துருச்சு, அவளுக்கு ஆபீஸ் இல்லையா?"

அப்பா விதித்தாளை எடுத்துக் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். "கதவு பிடிக்கறதுன்னு இதுல எங்கயும் இல்லை."

"லிஃப்ட்ல கதவு பிடிக்காம எப்படிங்க? ஆறாம் மாடி தையல்கார அம்மா எனக்கு தினம் பிடிப்பா, நான் நம்ம கீழ இருக்கறவங்களுக்குப் பிடிப்பேன். இப்ப கொஞ்ச நாளாத்தான் அவ மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு, என் மூக்குக்கு நேரா கதவை மூடறா. நான் என்ன தப்புப் பண்ணினேன்னு யோசிச்சு யோசிச்சுத் தூக்கமே வரல."

"எப்பலேர்ந்து?" என்று கேட்டாள் அக்கா. தன் சட்டத்தைத் தானே மீறி வாயைத் திறந்துவிட்டாள்.

அம்மா யோசித்தாள். பிறகு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். அக்காவும் பார்த்தாள். அப்பா விதித்தாளை இறக்கிவிட்டு அவரும் பார்த்தார்.

விசாரித்தபோதுதான் தெரிந்தது, கட்டடம் முழுக்க ஒரு செய்தி ஓடிக்கொண்டிருந்தது, எங்கள் வீட்டுக்கு மட்டும் வரவில்லை. லிஃப்டைத் தாமதப்படுத்துகிறவர்களைக் குறித்துக்கொள்ள ஒரு பெண்ணைப் போட்டிருக்கிறார்கள், அபராதம் வரப்போகிறது, அவள் அட்டையில் எல்லோருடைய மாடியும் இருக்கிறது என்று. நான் கட்டங்களில் அக்கறையாக நிரப்பியது எங்கள் கட்டடத்து மனிதர்களை அல்ல. என்னைப் பார்த்துப் பயந்த மனிதர்களை.

ஓரத்தில் எழுதுவதற்கு இடம் போதவில்லை. ஆய்வு செய்த பெண்ணால் ஆய்வு கெட்டது, அம்மாவின் சிநேகமும் கெட்டது. நான் இந்த வகுப்பிலேயே தொடரலாமா என்றுகூட எழுதினேன்.

அக்காவோ துள்ளிக் குதிக்காத குறை. "அடியே, உன் அட்டையும் அமைப்புல ஒரு பகுதி! நீ உள்ள போனதும் ஒரு லூப் முழுசா நின்னு போச்சு. இது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா?"

"அம்மாவுக்குத் தூக்கம் வரலியாம்."

"அதுவும் ஒரு அம்புதான்" என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, சரி. அதை முதல்ல சரி பண்ணுவோம்" என்றாள்.

மறுநாள் கடையிலிருந்து பெரிய எழுத்தில் ஒரு தாள் அடித்து வந்து லிஃப்டுக்குள் ஒட்டினேன். 'அட்டை வைத்துக்கொண்டு நின்ற பெண் நான்தான். நாலாம் மாடி. எனக்கு எந்த அதிகாரமும் இல்லை. அபராதம் கிடையாது. அது என் அக்காவின் விளையாட்டுக்காக. மன்னிக்கவும்.' அப்பா ஒட்டுவதற்கு முன் அதில் ஒரு காற்புள்ளியைத் திருத்திக் கொடுத்தார். அன்று சாயங்காலமே தையல்கார அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"ஏண்டி, இதை முன்னாடியே சொல்லக் கூடாதா? உங்க அம்மா மூஞ்சியை நேராப் பாக்க முடியாம நான் மேல கூரையைப் பாத்துக்கிட்டே இறங்கறேன். கழுத்து சுளுக்கிருச்சு."

இருவரும் எல்லா நாட்களுக்கும் சேர்த்துப் பேசினார்கள். லிஃப்ட் பழையபடி ஆயிற்று. இன்னும் சொல்லப்போனால், பழையதைவிட அதிகமாயிற்று. பாக்கி வைத்த கதவுகளை எல்லாம் சேர்த்துப் பிடித்தார்கள்.

இரண்டாவது மாதிரியில் கதவு பிடிப்பது விதியாயிற்று. நான் இந்த முறை அட்டை இல்லாமல், துணிக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்தேன். கதவைப் பிடிக்கிறவருக்கு ஓடி வருகிறவர் ஒரு சிரிப்பு தருவார். உள்ளே நிற்கிற மற்ற எல்லோரும் ஆளுக்கு ஒரு முறைப்பு தருவார்கள். அக்கா இரண்டையும் சீட்டாக்கினாள். சிரிப்புச் சீட்டைக் காட்டினால் இன்னொரு நாள் உங்களுக்காக ஒருவர் கதவு பிடித்தே ஆக வேண்டும். முறைப்புச் சீட்டுகள் கையில் சேர்ந்துகொண்டே போனால் கூச்சத்தில் ஒரு முறை ஆட முடியாமல் நிற்க வேண்டும். முறைப்புச் சீட்டில் இரண்டு புருவங்களை மட்டும் வரைந்திருந்தாள். அப்பாவின் புருவங்கள் என்று எல்லோருக்கும் தெரிந்தது, அவரைத் தவிர.

விளையாட்டுக்கு உயிர் வந்துவிட்டது. வந்த உயிர் போக மறுத்ததுதான் சிக்கல்.

அம்மா கதவைப் பிடித்தாள். அதனால் லிஃப்ட் தாமதமாயிற்று. தாமதமானதால் கீழ் மாடிகளில் இன்னும் பலர் வந்து சேர்ந்தார்கள். வந்தவர்களுக்காக அம்மா கதவைப் பிடித்தாள். கையிலிருந்த சிரிப்புச் சீட்டுகளைக் காட்டி என்னையும் பிடிக்கவைத்தாள். அழிரப்பர் நாலாம் மாடியிலேயே வேர் விட்டு நின்றது. மணிகள் தீர்ந்துபோனவர்கள் பெட்டியிலிருந்து கடன் வாங்கினோம்.

"நான் எவ்வளவு நேரமா உள்ளயே நிக்கறேன்" என்றார் அப்பா, நிஜமாகவே கால் வலிக்கிறவர் மாதிரி முழங்காலைத் தடவிக்கொண்டு. "உன் அம்மாவைக் கொஞ்சம் கையை எடுக்கச் சொல்லு."

"இந்த ஒருத்தர் மட்டும்ங்க."

"அதையேதான் மூணு தடவையா சொல்றே!"

அம்மா அவர் முறைத்ததைப் பார்த்துக் கையை நீட்டினாள். "சீட்டைக் குடுங்க. சும்மா முறைக்கக் கூடாது."

விளையாட்டு முடியவில்லை. அன்றும் இல்லை, அடுத்த நாளும் இல்லை. அக்கா ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவாள், அப்போதுதான் எது எதை மாற்றியது என்று தெரியும். மணிகளைக் குறைத்தாள். பாதியில் எல்லோரும் தோற்றார்கள். லிஃப்டைப் பெரிதாக்கினாள். பிடிப்பதற்கே அவசியம் இல்லாமல் போயிற்று, அம்மா கொட்டாவி விட்டாள். இத்தனை முறைதான் பிடிக்கலாம் என்று கட்டுப்பாடு வைத்தாள்.

"இது எதுக்கு?" என்று கேட்டார் அப்பா.

"இல்லாட்டி முடிய மாட்டேங்குதே."

"முடிக்கறதுக்காக வச்ச விதின்னு படிக்கும்போதே தெரியுது. ஒட்டுப்போட்ட வேட்டி மாதிரி."

அக்காவுக்கும் தெரிந்துதான் இருந்தது. ஞாயிறு நெருங்கியது. அலமாரியிலிருந்து அலுவலகத்துக்குப் போடுகிற சட்டைகளை எடுத்து அவள் தேய்த்து மடித்து வைத்ததை நான் பார்த்தேன். தன்னைத் தானே அடக்கிக்கொள்கிற லூப் ஒன்று எங்கேயோ விட்டுப்போயிருக்கிறது, நிஜ லிஃப்ட் தினமும் கீழே வந்து சேரத்தானே செய்கிறது, எதனால் என்று மட்டும் முனகிக்கொண்டிருந்தாள். பார்த்தது நான். விட்டதும் நானாகத்தான் இருக்க வேண்டும். தாள்களை மறுபடி மறுபடி புரட்டினேன், ஒன்றும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை நகலெடுக்கும் கடையைத் திறக்க வேண்டிய முறை என்னுடையது. லிஃப்ட் எங்கள் மாடியிலேயே நின்றுகொண்டிருந்தது. உள்ளே தையல்கார அம்மா, வாசலில் ஒரு கையால் கதவைப் பிடித்தபடி எங்கள் அம்மா. ரவிக்கை அளவைப் பற்றி ஏதோ பேச்சு. நான் அம்மாவை முறைத்தேன்.

"சீட்டு எங்கடி?" என்றாள்.

நேரமில்லை. லிஃப்டுக்குப் பக்கத்தில் இருந்த கதவைத் தள்ளிக்கொண்டு படியில் ஓடினேன். ஒரு திருப்பம்கூட இறங்கியிருக்கமாட்டேன், ஏழாம் மாடி வக்கீலின் முதுகில் போய் மோதினேன். அவருக்கு முன்னால் ஐந்தாம் மாடித் தம்பதி. அவர்களுக்கு முன்னால் சைக்கிள் ஹெல்மெட் மாட்டிய யாரோ. கட்டடத்தில் பாதிப் பேர் படியில் இருந்தார்கள், ஒரே சீராகத் தடதடவென்று இறங்கிக்கொண்டு.

"சார், நீங்க லிஃப்ட்லதானே போவீங்க?"

"போவேம்மா." வக்கீல் கொஞ்சம் தயங்கினார். "தப்பா நினைச்சுக்காதே. உங்க அம்மா கிளம்பற நேரத்துல மட்டும் படிதான்."

"நாங்களும்தான்" என்று கீழிருந்து ஒரு குரல் வந்தது.

நான் அப்படியே படியில் நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு இறங்கினார்கள். இத்தனை நாளும் லிஃப்டுக்குள் நின்று லிஃப்டைப் பார்த்திருக்கிறேன். லிஃப்டை விட்டுப் போனவர்கள் என் கட்டத்துக்குள் எப்படி வருவார்கள்? அவர்கள் போனதால்தான் லிஃப்டில் இடம் காலியாகிறது, காலியாவதால்தான் அம்மாவின் அண்டைவீட்டுக்காரிகள் எல்லோரும் ஏறுகிறார்கள், ஏறி முடிந்ததால்தான் கதவு மூடுகிறது.

கடையைத் தாமதமாகத்தான் திறந்தேன். முதலில் அக்காவுக்குப் போன் செய்தேன். "அக்கா, படி!" என்றேன். மூச்சு வாங்கியதில் அதற்கு மேல் வரவில்லை. அந்தப் பக்கம் ஏதோ கீழே விழுந்து மணிகள் தரையெங்கும் சிதறுகிற ஓசை கேட்டது.

மூன்றாவது மாதிரியில் அட்டையின் ஓரமாக ஒரு படிக்கட்டு வந்தது. யாரும் எப்போது வேண்டுமானாலும் லிஃப்டிலிருந்து இறங்கி நடக்கலாம். மாடிக்கு ஒரு மணி செலவு, ஏமாற்றம் கிடையாது, அதிர்ஷ்டமும் கிடையாது. அத்தோடு, படிக்குப் போகிறவர் தன் கையிலிருக்கும் முறைப்புகளை எல்லாம் லிஃப்டிலேயே விட்டுவிட்டுப் போகலாம். உள்ளே இருப்பவர்கள் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். இந்தக் கடைசி விதி மட்டும் நிஜத்தில் பார்த்ததில்லையே என்று கேட்டேன். "வக்கீல் உன்கிட்ட சொன்னப்போ உனக்கு எப்படி இருந்தது?" என்று கேட்டாள். கூச்சமாக இருந்தது என்றேன். "அதான். அவர் விட்டுட்டுப் போனதை நீ வாங்கிக்கிட்ட" என்றாள்.

சனிக்கிழமை ஆடினோம். விளையாட்டு முடிந்தது. அப்பா தோற்றார்.

"எங்கயோ பிழை இருக்கு" என்று விதித்தாளைத் தேடினார்.

ஞாயிறு மதியம் விளையாட்டுக் கடைக்குப் போனோம். அது ஒரு வணிகக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருக்கிறது. சுவர் முழுக்கப் பெட்டிகள், நடுவில் ஆடிப் பார்க்க மேஜைகள். கடைக்காரர் விதிகளைப் படிக்கவே இல்லை.

"எனக்கு விதி எல்லாம் புரியாதும்மா. எனக்கு ஒரே கணக்குதான். ஆட்டம் முடிஞ்சதும் எல்லாரும் எழுந்து பையைத் தோள்ல மாட்டுவாங்க. மாட்டின பையை மறுபடி யாராவது கீழ வச்சா, அந்த விளையாட்டு விக்கும். வைக்கலேன்னா விக்காது. இத்தனை வருஷத்துல இது தப்பினதில்லை."

எத்தனை விளையாட்டுகளை வைத்து இந்த முடிவுக்கு வந்தார் என்று கேட்க வாயெடுத்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

நான்கு பேர் உட்கார்ந்தார்கள். பணி முடிந்து சீருடையிலேயே வந்த ஒரு நர்ஸ், ஒரு தாடிக்காரர், வரும்போதே ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாத ஒரு ஜோடி. அக்காவும் நானும் சுவரோரம் ஸ்டூலில். அவள் பிடி என் மணிக்கட்டை விடவில்லை.

முதலில் அமைதியாகத்தான் ஆடினார்கள். பிறகு தாடிக்காரர் முறைப்புச் சீட்டைக் கொடுக்கும்போது நிஜமாகவே முறைத்தார். விதியில் அப்படி இல்லை. நர்ஸ் சிரித்துவிட்டு, அடுத்த முறை அவரைவிட நன்றாக முறைத்தாள். அதன்பின் சீட்டைக் கொடுக்கிற எல்லோரும் முறைத்துத்தான் கொடுத்தார்கள். அக்காவின் விரல்கள் என் மணிக்கட்டில் இறுகின.

ஜோடியில் இருந்த பெண் தாடிக்காரருக்காகக் கதவைப் பிடித்தாள்.

"ஓஹோ" என்றார் அவள் கணவர். அன்று அவர் பேசிய முதல் சொல். "எனக்கு ஒரு தடவை பிடிச்சிருக்கியா?"

"நீங்க கிளம்பறதுக்குள்ள லிஃப்டே துருப்பிடிச்சிடும்."

"இந்தா முறைப்பு."

"காலையிலயே குடுத்தாச்சு. இது ரெண்டாவது."

நர்ஸ் தன் முறைப்புகளை எல்லாம் தாடிக்காரர் முன்னால் கொட்டிவிட்டுப் படியில் இறங்கினாள். அவர் ஐயோ என்று கத்தினார். கடையில் வேறு பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். லிஃப்ட் தரையைத் தொட்டது, ஆட்டம் முடிந்தது. நர்ஸ் ஜெயித்தாள். தாடிக்காரர் கையில் மணி ஒன்றுமில்லை, புருவங்கள் மட்டும் விசிறி மாதிரி விரிந்திருந்தன.

கடைக்காரர் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்கத் தொடங்கினார். ஞாயிறு என்றால் கடையைச் சீக்கிரம் மூடிவிடுவார். நால்வரும் எழுந்தார்கள். பைகள் தோளுக்கு ஏறின. நான் பைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றாக இருந்தது என்றார்கள், அக்காவிடம் கைகுலுக்கினார்கள், வெளியே போனார்கள். ஒரு பையும் இறங்கவில்லை.

கடைக்காரர் எங்களைப் பார்க்காமல் நாற்காலிகளை அடுக்கினார். "நல்லாத்தான் இருந்துச்சும்மா. சத்தம் எல்லாம் நல்லா வந்துச்சு. ஆனா பார்த்தே இல்ல?"

"பார்த்தேண்ணா" என்றாள் அக்கா.

அட்டையை மடித்தாள். மணிகளை டப்பாவில் போட்டாள். அழிரப்பரை மட்டும் கையிலேயே வைத்துக்கொண்டாள். விளக்கை அணைக்கிற நேரத்தில் ஆடவைத்துவிட்டு இப்படி முடிவு கட்டலாமா என்று எனக்குள் பெரிய வாதம் ஓடியது. அதை எழுதிக் காட்டினால் யார் கேட்பார்கள்? அவளுடைய தேய்த்த சட்டைகள்தான் கண்முன் வந்தன.

வெளியே வந்தோம். கடைக்காரர் எங்கள் பின்னால் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். லிஃப்ட் திறந்திருந்தது, நால்வரும் உள்ளே இருந்தார்கள். அவர்களோடு மேல் மாடியிலிருந்து வந்த ஓர் அம்மாளும். எங்களைப் பார்த்ததும் நர்ஸ் சட்டென்று கையை நீட்டிக் கதவைப் பிடித்தாள்.

தாடிக்காரர் அவளை முறைத்தார்.

அந்த ஜோடிப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். "சீட்டு வேணும்" என்றாள் நர்ஸ். "சீட்டு இல்லாம முறைச்சா செல்லாது. நான் படியில போறேன். எல்லாத்தையும் நீங்களே வச்சுக்கோங்க." வெளியே வந்துவிட்டாள்.

"அவங்க போனா அதுல பாதி எனக்குல்ல வரும்!" என்று அந்தப் பெண்ணும் வெளியே வந்தாள்.

"இரு, இரு, நானும் வரேன்" என்றார் கணவர்.

தாடிக்காரர் மட்டும் உள்ளே நின்றார். "இது நியாயமே இல்லை. நீங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான் என்னைக் கவுத்தீங்க. எனக்கு எட்டாம் மாடி குடுங்க, அப்ப தெரியும்." அக்காவைப் பார்த்தார். "அட்டையை உள்ள வச்சிட்டீங்களா?" பதிலுக்குக் காத்திராமல் தோளிலிருந்த பையைக் கழற்றி வாசலிலேயே, கதவு மூடுகிற கோட்டின் மேல், பொத்தென்று வைத்தார். லிஃப்ட் மூடப் பார்த்து, பையில் இடித்து, மறுபடி திறந்தது.

கடைக்காரர் சாவியைப் பூட்டில் வைத்தபடி பையைப் பார்த்தார். அது நன்றாகவே கீழே இருந்தது. பிறகு அவரே பூட்டைத் திறந்தார்.

"ஒரு ஆட்டம்தான்" என்றார் நால்வரிடமும். "வீட்ல என்னைத் தேடுவாங்க." அக்காவிடம் திரும்பினார். "நாளைக்குக் காலையில வாம்மா. பெட்டி என்ன அளவுன்னு பேசணும்."

"நாளைக்குத் திங்கட்கிழமைண்ணா."

"ஏன், வேற வேலை இருக்கா?"

அக்கா கையிலிருந்த அழிரப்பரை ஒரு முறை அமுக்கிப் பார்த்தாள். "இல்லண்ணா. திங்கட்கிழமை எனக்கு வேற வேலையே கிடையாது."

நர்ஸ் தாடிக்காரரின் பையைத் தூக்கிக்கொண்டு கடைக்குள் போனாள், மற்றவர்களும் போனார்கள். அக்கா போனை எடுத்து அப்பாவை அழைத்தாள். உள்ளே போனால் அந்தக் கடையில் சிக்னல் கிடைக்காது, வாசலிலேயே நின்று பேசினாள். அப்பா அந்தப் பக்கம் எதையோ திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். பெட்டியில் விதித்தாளை யார் பிழை திருத்தப்போகிறார்கள் என்பதாக இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது.

லிஃப்ட் கதவு மறுபடி மூட வந்தது. நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை, கையை நீட்டிப் பிடித்துக்கொண்டேன். நாங்கள் கீழே போகவே இல்லை, அப்போதைக்குப் போகிற எண்ணமும் இல்லை. உள்ளே தனியாக மாட்டிக்கொண்டிருந்த மேல் மாடி அம்மாள் என்னை உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை முறைத்தாள்.

"போறீங்களா, இல்லையாம்மா?"

"ஒரே நிமிஷம்மா. அக்கா பேசி முடிச்சிடட்டும்" என்றேன். கையை எடுக்கவில்லை.